எழுத்தாளரின் சுண்டுவிரல்

சூதாடிக் கெட்டவன் உண்டு, சீட்டுப் பிடித்துக் கெட்டவன் உண்டு, வாயால் கெட்டவனுக்கோ கணக்கே இல்லை. கண்டக்டர் கெட்டது முகத்தால். அதுவும் தன் முகத்தால் கெட்டிருந்தால் மனசாவது ஆறும். இன்னொருத்தர் முகம் இவருக்கு வந்து வாய்த்தது, அதுதான் கொடுமை.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் கண்டக்டர், தெருவில் கண்டக்டர், கோபம் வந்தால் வீட்டுக்காரம்மாவுக்கும் கண்டக்டர்தான். அகலமான நெற்றி, புதர் மாதிரி புருவம், இரண்டு பக்கமும் தொங்கிய மீசை, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி கண்கள். இதே நெற்றியும் மீசையும் கண்ணும் அந்த ஊரில் இன்னொருவருக்கும் இருந்தன. அவர் எழுத்தாளர். சாதாரண எழுத்தாளர் இல்லை, கடல் தாண்டியும் படிக்கப்பட்டவர். புத்தகக் கடைக் கண்ணாடியில் அவர் முகம் பெரிசாக ஒட்டியிருக்கும். ஒரு கல்லூரிப் பெண் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு நாவலை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். கூட்ட நேரம், பின்னால் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் அதன் முதல் பக்கத்தில் பஞ்ச் அடித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அவர் எந்த நாவலையும் படித்ததில்லை. படிக்க நேரமும் இல்லை, அதற்காக வருத்தமும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் அவருக்கென்று சொந்தமாக இருந்தது. வலது கைச் சுண்டுவிரல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் கதவு மடங்கும்போது அதில் சிக்கிக்கொண்டது. கட்டுப் போட்டவர் அவசரத்தில் போட்டாரோ என்னவோ, விரல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றுவிட்டது. எதைப் பிடித்தாலும் மற்ற நாலு விரலும் பிடிக்கும், அது மட்டும் எனக்கென்ன என்று தனியாக நிற்கும். மகள் நடக்கப் பழகியது அந்த விரலைப் பிடித்துத்தான். சின்னக் கைக்கு அது கொக்கி மாதிரி வசதியாக இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதிலும் ரோட்டைக் கடக்கும்போது அந்த விரலைத்தான் தேடுவாள், மற்ற விரலைக் கொடுத்தால் உதறிவிடுவாள்.

பிறகு பஸ்ஸில் மெஷின் வந்தது. ஏறும்போதே அட்டையைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஆனது. கண்டக்டர்களை ஒரு ஹாலில் கூட்டி, மாலை போட்டு, ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை இல்லாதவனுக்கு மணி பார்க்க என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைப்பாள். இவர் எதிரே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நடுநடுவே எழுந்து ஜன்னல் வரை போவார். வீட்டுக்குள்ளும் மேலே கம்பி இருக்கிற நினைப்பில் கையைத் தூக்கிக்கொண்டே நடப்பார்.

"சும்மா இருங்களேன். நீங்க நடக்கறதைப் பாத்தா எனக்கு வீடே ஓடற மாதிரி இருக்கு" என்பாள்.

அந்த வருஷம்தான் எழுத்தாளர் காலமானார். ஊரே துக்கம் கொண்டாடியது. அவர் சாயங்காலம் தவறாமல் போய் உட்கார்ந்த ஹோட்டல், துக்கத்தோடு துக்கமாகக் கொஞ்சம் யோசனையும் செய்தது. பார் மூலையில் பச்சை விளக்குக்குக் கீழே அவருடைய நாற்காலி அப்படியே இருந்தது. அவர் குடித்தது எப்போதும் ஒரே பானம், ஓல்ட் ஃபேஷன்ட். பழைய காலத்து விஸ்கிக் கலவை. குட்டையான கனத்த கிளாஸில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்து, மருந்து மாதிரி கசக்கும் பிட்டர்ஸை அதன்மேல் சொட்டவிட்டு, நசுக்கி, பெரிய ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டு, விஸ்கியை ஊற்றி நிதானமாகக் கலக்க வேண்டும். கடைசியில் ஆரஞ்சுத் தோலை மேலே பிடித்து முறுக்கினால் அதன் எண்ணெய் பனி மாதிரி தெறிக்கும். அது இல்லாமல் எழுத்தாளருக்கு ஒரு வரி ஓடாது என்று ஊரில் பேச்சு. பத்திரிகைகளும் அதையேதான் எழுதின. படிக்காதவர்களுக்குக்கூட அவர் என்ன குடித்தார் என்பது தெரியும்.

ஹோட்டல் மேனேஜர் ஒருநாள் பாங்க் வரிசையில் கண்டக்டரைப் பார்த்துவிட்டு, செத்தவர் எழுந்து வந்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் ஆடிப்போனார். ஆட்டம் நின்றதும் அவருக்கு மூளை வேலை செய்தது.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. சாயங்காலம் வந்து அந்த நாற்காலில உக்காரணும். அவ்வளவுதான். வாயைத் திறக்கவே கூடாது. அவரும் யார்கிட்டயும் பேசமாட்டாரு."

"சார், நான் குடிக்கமாட்டேன்."

"யாரு உங்களைக் குடிக்கச் சொன்னா? டீத் தண்ணி ஊத்தித் தரச் சொல்றேன். பாக்கறதுக்கு ஒரே கலர்."

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரம்மா மெஷினை நிறுத்தினாள். அவளுக்குக் குடி என்றால் அவளுடைய தம்பி. கடைசிக் காலத்தில் அந்த வீட்டின் பின்னறையில்தான் கிடந்து செத்தான். மாமாவின் வாந்தியை அள்ளிப்போட்டது பள்ளிச் சீருடையில் இருந்த மகள். அந்த அறையை இன்னும் யாரும் படுக்கப் பயன்படுத்துவதில்லை, துணி மூட்டைகள்தான் கிடக்கும்.

"டீதானே?"

"சத்தியமா டீதான்."

"அப்ப போங்க. உக்காந்தே வயசு போயிடுச்சு, இனிமே உக்காந்து சம்பளமாவது வரட்டும்" என்று சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிப்பு கேட்டது.

பழுப்புக் கோட்டு, பவர் இல்லாத கண்ணாடி, மேஜைமேல் பேனா, கையில் கிளாஸ். டீயில் ஐஸ் கட்டியும் ஆரஞ்சுத் தோலும் மிதக்கும். பார்மேன், உண்மையான எழுத்தாளருக்கே வருஷக்கணக்கில் கலந்து கொடுத்தவர், முதல் நாள் இவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு "மீசையை நல்லா சீவிக்கோங்கண்ணே" என்றார்.

கூட்டம் வந்தது. வெளியூர்க்காரர்கள், புத்தகம் படிக்கிறவர்கள், படிக்காமல் படித்த மாதிரி காட்டிக்கொள்கிறவர்கள், எல்லோரும் வந்தார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வளைந்த சுண்டுவிரல் கிளாஸைத் தொடாமல் தனியே நிற்பதைப் பார்த்து, அது எழுத்தாளரின் பாணி என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். கொஞ்ச நாளில் பாரில் பாதிப் பேர் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு குடித்தார்கள். ஒரு தடவை கண்டக்டர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். யாரோ தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு விழித்து, "படியில நிக்காதீங்க, உள்ளே போங்க" என்றார். அந்த ஆள் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டு போனான்.

அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த நாட்கள் நல்ல நாட்கள்தான், இல்லை என்று சொல்லக் கூடாது.

அதைக் கெடுத்தவர் ஒரு பேராசிரியர். எழுத்தாளரைப் பற்றியே மூன்று புத்தகம் எழுதியவராம். அவர் வந்து நாற்காலிக்கு முன்னால் நின்று, கண்கலங்கி, "இந்தக் கிளாஸ்லேர்ந்து ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினார். வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கண்டக்டர் எப்படி வேண்டாம் என்பார்? பேராசிரியர் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். ஆறின டீயைக் குடித்தவன் முகம் வேறு எப்படி இருக்கும்? அடுத்த வாரமே பத்திரிகையில் நீளமாக எழுதிவிட்டார். மேதையின் நினைவைத் தேநீரால் கழுவுகிறார்கள் என்றார். கையெழுத்து இயக்கம்கூட நடந்தது. ஒரு மனுஷன் டீ குடித்ததற்கு இத்தனை படித்தவர்கள் கொதித்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். "இனிமே அசலே இருக்கட்டும். சும்மா உதட்டுல வெச்சு வெச்சு எடுங்க. ஒரு கிளாஸுக்கு ஒண்ணும் ஆயிடாது."

அன்றைக்கே எழுந்து வந்திருக்கலாம். எழுந்துதான் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்றால், வயிற்றுப்பாடு என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டார். அது பாதிதான் நிஜம். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றவரை ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் கையை நீட்டுவார், அவர்கள் கையைப் பார்ப்பார்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மனிதர்கள் வந்து எதிரே நின்று, அவர் முகத்தை, அவருடைய சொந்த முகத்தை, கண்ணெடுக்காமல் பார்க்கிறார்கள். வயசான காலத்தில் அப்படி ஒரு ருசி கண்டுவிட்டால் விடுவது சுலபமில்லை. விஸ்கியின் ருசி அதற்கப்புறம்தான் வந்தது.

முதல் வாய் கசந்தது. மருந்து என்று நினைத்துக்கொண்டு விழுங்கினார். பிறகு சர்க்கரை தெரிந்தது, அப்புறம் ஆரஞ்சு, அதற்கப்புறம் நெஞ்சுக்குள் ஒரு கதகதப்பு. அந்தச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடிக்காமல் உட்கார்ந்தே போனார்.

உதட்டில் வைத்து எடுப்பது கொஞ்ச நாள் நடந்தது. அதற்குள் புது வழக்கம் ஒன்று கிளம்பிவிட்டது. போட்டோ எடுத்தவர்கள் எழுத்தாளருக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, மரியாதை என்று பரவிவிட்டது. "எழுத்தாளருக்கு ஒண்ணு!" என்று கத்துவார்கள். பாரே கை தட்டும். பார்மேன் தண்ணீரைக் கூட்டி விஸ்கியைக் குறைத்துப் பார்த்தார். வாங்கிக் கொடுத்தவன் பக்கத்திலேயே நின்று முதல் வாயைப் பார்க்கும்போது எவ்வளவுதான் குறைப்பார்? பாதிக் கிளாஸில் இவர் வைத்துவிட்டால் அவர்கள் முகம் வாடும். வாடின முகத்தைப் பார்க்க இவருக்கு மனசு வராது.

வாடை போக அவர் கிளாஸில் கிடக்கும் ஆரஞ்சுத் தோலை மென்றுகொண்டே வீட்டுக்கு வருவார். வீட்டுக்காரம்மா முதலில், "என்னங்க, ஹோட்டல்ல பழமெல்லாம் தர்றாங்களா?" என்று கேட்டாள். தர்றாங்க என்றார். அவள் பாவம், நல்ல ஹோட்டல் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லி வைத்தாள்.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள். பிள்ளை உண்டாகி, அம்மா வீட்டில் நாலு நாள் இருக்கலாம் என்று வந்தவள், அப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். "சும்மா ஒரு செக்கப் அப்பா" என்றாள். அவரும் பெருமையாகக் கையை நீட்டினார். மகள் ஊசி குத்தினால் வலிக்கவே வலிக்காது என்று தெரு முழுக்கச் சொல்கிறவர் அவர்.

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். அம்மா மெஷினை நிறுத்தவில்லை, ஆனால் துணி நகரவில்லை.

"எவ்வளவு நாளா அப்பா?"

"எது பாப்பா?"

"தினம் நான் இதைத்தான் பாக்கறேன். என்கிட்ட மறைக்காதீங்க."

"வேலைக்குத்தாம்மா. அது ஒரு வேஷம்."

"ரத்தத்துல வேஷம்னு தனியா வர்றதில்லைப்பா."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

"மாமாவைத் தூக்கினது நான். அள்ளினது நான். என் பிள்ளைக்கு அந்த வேலை வரக் கூடாது. நீங்க விட்டுடுங்க. விட்டீங்கன்னா பிள்ளைய நேரா இங்கதான் தூக்கிட்டு வருவேன், உங்க மடியிலதான் முதல்ல போடுவேன். இல்லைன்னா இந்த வாசப்படி ஏறமாட்டேன். அம்மாவை நான் அங்க வரவெச்சுப் பாத்துக்கறேன்."

"விட்டுடறேன் பாப்பா. டீயே கொடுக்கச் சொல்லிடறேன். உன் மேல சத்தியம்."

"என் மேல வேண்டாம்" என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று அவர் மேனேஜர் அறைக்குள் போனபோது சண்டைக்குத் தயாராகத்தான் போனார். வேலையே போனாலும் போகட்டும் என்று பேச வேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே பேசிப் பார்த்திருந்தார்.

"டீயா? தாராளமா" என்றார் மேனேஜர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பல்லாம் எவன் ருசி பாக்கறான்? அந்தப் பேராசிரியர் சமாசாரம் எல்லாம் மறந்துபோச்சு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

இவ்வளவுதானா என்று இருந்தது. பேசி வைத்திருந்த பேச்செல்லாம் வாயிலேயே நின்றது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. அதே கிளாஸ், அதே ஐஸ், அதே ஆரஞ்சுத் தோல். ஒரு வாய் குடித்தார். விளக்குப் போட்டு முடிப்பதற்குள் கை நடுங்க ஆரம்பித்தது. ஐஸ் கட்டி கிளாஸில் மோதி மோதிச் சத்தம் போட்டது. கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. போட்டோ எடுக்க வந்த தம்பதி, "பாவம், உடம்பு சரியில்ல போல" என்று விலகிப் போனார்கள்.

அவர் எழுந்து பார்மேனிடம் போனார். நாற்காலியை விட்டு எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் ஊத்துங்க."

"அண்ணே, மேனேஜர் டீதான்னு சொன்னாரே."

"பாதி ஊத்துங்க. நாளையிலேர்ந்து டீ."

பார்மேன் பாட்டிலைத் தொடாமல் நின்றார். "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அவரு ஒரு கிளாஸுதாண்ணே கேப்பாரு. அதுலயும் பாதிய வெச்சுட்டுப் போயிடுவாரு. அடியில ஊறின சர்க்கரைய ஸ்பூனால வழிச்சுத் தின்னுவாரு, சின்னப் பிள்ளை மாதிரி. அதுக்குத்தான் வர்றதே. நீங்க அவரைவிட எவ்வளவோ அதிகமா குடிச்சுட்டீங்க."

கண்டக்டர் அதைக் கேட்டார். நன்றாகவே கேட்டார். "பாதி ஊத்துங்க" என்றார் மறுபடியும்.

இதுவரை ஹோட்டல், மேனேஜர், பேராசிரியர் என்று அவர் விரல் நீட்ட ஆட்கள் இருந்தார்கள். அன்றோடு அதுவும் போயிற்று.

கொஞ்ச நாளில் சிற்பி ஒருவர் வந்தார். ஹோட்டல் வாசலில், நடைபாதையை ஒட்டி, பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி எழுத்தாளருக்கு வெண்கலச் சிலை வைக்க ஹோட்டல் ஏற்பாடு செய்திருந்தது. சிற்பி வெளியூர்க்காரர், எழுத்தாளரை நேரில் பார்த்ததில்லை. பத்திரிகைப் படங்களில் எல்லாம் மார்பு வரைதான் இருந்தது. உட்கார்ந்த வாகும், மடியும், கிளாஸ் பிடித்த கையும் வேண்டுமே? அதற்குத்தான் கண்டக்டர் இருந்தாரே. நாள்கணக்கில் அவரை உட்காரவைத்து அளவெடுத்தார். கையை அச்சே எடுத்துக்கொண்டார். சுண்டுவிரலைப் பற்றி இவர் வாயைத் திறந்து, "சார், இது பஸ் கதவுல…" என்று ஆரம்பித்தபோது, "அசையாதீங்க" என்றார் சிற்பி.

திறப்பு விழாவுக்கு எழுத்தாளரின் மனைவியை அழைத்து வந்தார்கள். பார்வை மங்கிப்போன அம்மா. சிலையின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு கை?" என்று கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் கைதாம்மா" என்றார் மேனேஜர்.

"ஓ" என்றார் அந்த அம்மா. எல்லோரும் கை தட்டினார்கள்.

சிலை சம்பளம் கேட்காது, கை நடுங்காது. கண்டக்டருக்கு மறுவாரமே வேலை போயிற்று. இந்தத் தடவை மாலையும் இல்லை, கடிகாரமும் இல்லை. ஆனால் வீட்டுக்காரம்மா பின்னறைத் துணி மூட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணினாள். "சனி விட்டுதுன்னு நெனச்சுக்கோங்க. இதுதான் சமயம்" என்றாள். தம்பி கிடந்த அதே அறையில் இவர் கிடந்தார். உதறினார், பிதற்றினார், இல்லாத பயணிகளோடு சண்டை போட்டார். அவள் வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டிக்கொண்டே அழுதாள். அந்த வீட்டில் ஆரஞ்சுப் பழம் வாங்குவது நின்றுபோனது. வாசலில் யாராவது உரித்தால்கூட ஜன்னலைச் சாத்தினாள்.

தேறினார். நிஜமாகவே தேறினார். ஆஸ்பத்திரியில் பேரனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். மகள் அவர் கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. "தலை நிக்கட்டும் அப்பா. அப்புறம் தூக்கிட்டு வரேன்" என்றாள். அதற்கப்புறம் அவர் தினமும் மகளுக்குப் போன் போட்டு, "தலை நின்னுச்சா?" என்று கேட்டார். மாப்பிள்ளை போனை எடுத்தாலும் அதையேதான் கேட்டார்.

தலை நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறோம் என்று மகள் சொன்னாள். வீட்டுக்காரம்மா தரையைத் தேய்த்துக் கழுவினாள். கண்டக்டர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளுக்குப் பிடித்த பழம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். பழக்கடையில் ஆப்பிள் இருந்தது, திராட்சை இருந்தது. மகளுக்குச் சின்ன வயசிலிருந்து ஆரஞ்சுதான் பிடிக்கும். ஒன்றை எடுத்துப் பழுத்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். தோலின் எண்ணெய் தெறித்து அந்த வாசனை மூக்கில் ஏறியது.

அவ்வளவுதான். குடிக்க வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை, இதை மட்டும் நம்புங்கள். சந்தோஷமாகத்தான் கிளம்பினார். பேரன் வரப்போகிற செய்தியை பார்மேனிடம் சொல்லிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கால் திரும்பியது. பார்மேனுக்கு அன்று விடுமுறை. கவுண்டரில் நின்ற புது ஆள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே கலக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், பிள்ளை தோளில். அம்மா உள்ளே கூப்பிடக் கூப்பிட, அப்பா வரட்டும், அவர் கையால்தான் உள்ளே போகணும் என்று காத்திருந்தாளாம். பழப் பையோடு அவர் பக்கத்தில் வந்தார். "பாப்பா" என்றார். அவள் மூக்கு அசைந்தது. பையில் இருந்த பழத்தின் வாசனை என்றுகூட அவள் நினைத்திருக்கலாம். நினைக்கத்தான் முயற்சி செய்தாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தாள். வீட்டுக்காரம்மா மார்பில் அடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். தெருமுனை வரை ஓடினாள்.

அதற்கப்புறம் அவர் நல்லதற்கு முயலவில்லை என்று சொல்ல முடியாது. முயன்றார். நாலு நாள் நிற்பார், ஐந்தாம் நாள் சாய்வார். வீட்டுக்காரம்மா வாரத்தில் பாதி மகள் வீட்டில் இருக்க ஆரம்பித்தாள். மீதிப் பாதியில் வந்து அவருக்குச் சமைத்து வைத்துவிட்டு, மெஷினை ஓட்டுவாள். பேரன் தவழ்ந்தான், நின்றான் என்று இவராகக் கேட்டால்தான் சொல்வாள்.

பகலில் அவர் சிலைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிழற்குடையில் போய் உட்கார்ந்துகொள்வார். போட்டோ எடுக்கிறவர்களில் யாராவது சாயலைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள், கூட்டிப் போய் ஒன்று வாங்கிக் கொடுப்பார்கள். இப்போது அவர் எழுத்தாளர் மாதிரி இல்லை, சிலை மாதிரி இருந்தார்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். முன்பகல், நல்ல வெயில். காலையிலேயே ஒருத்தன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வாயில் ஆரஞ்சுத் தோல். எதிர்ப்பக்கம் ஒரு பெண் பிள்ளையோடு வந்து சிலைக்கு முன்னால் நின்றாள். முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

மகள் சுற்றும் முற்றும் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துச் சிலையின் மடியைத் துடைத்தாள். வெயிலில் சுடுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கைக்குட்டையை அங்கேயே விரித்து, பிள்ளையைத் தூக்கி அந்த மடியில் உட்காரவைத்தாள். பிள்ளையின் கையை எடுத்து, கிளாஸ் பிடித்த கையிலிருந்து தனியே நிற்கும் அந்தச் சுண்டுவிரலில் வைத்தாள். பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னாள். போட்டோ எடுக்கவில்லை. பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் கையைக் கட்டிக்கொண்டு, சிலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் பஸ் ஷெட்டில் அவருக்காகக் காத்திருக்கும்போது அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

கண்டக்டர் எழுந்தார். ரோட்டில் ஒரு காலை வைத்தார். நடுவில் பெரிய வண்டி கூட இல்லை, பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். கையைக் குவித்து வாய்க்கு முன்னால் பிடித்து ஊதி, மோந்து பார்த்தார். காலை எடுத்துத் திரும்பவும் மேலே வைத்துக்கொண்டார். நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

பிள்ளை குனிந்து விரலைச் சப்பினான். அவள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டபோது அவன் விரலை விடாமல் அழுதான். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தாளா இல்லையா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவர் ரோட்டைக் கடந்து போய்ச் சிலைக்கு முன்னால் நின்றார். வெண்கல விரல் நுனியில் எச்சில் பளபளத்தது. தன் விரலை அதன்மேல் வைக்கப்போய், வைக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

இரண்டு பேர் தோளில் பையோடு வந்தார்கள், வெளியூர்க்காரர்கள்.

"கொஞ்சம் தள்ளுங்க பெரியவரே, ஒரு போட்டோ."

"எடுங்க தம்பி. அந்த விரலை மட்டும் தொடாதீங்க. ஈரமா இருக்கு, கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் செய்கிற மாதிரியே, சிலையின் சுண்டுவிரலை முழுசாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான். இன்னொருவன் படம் எடுத்தான். எடுத்தவன் போனையும் கண்டக்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டேய், இவரைப் பாருடா. அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்காரு! பெரியவரே, வாங்க, உங்களுக்கு ஒரு கிளாஸ் சொல்றோம். எழுத்தாளர் குடிச்சதே."

வேண்டாம் என்று சொல்லத்தான் கண்டக்டர் வாயைத் திறந்தார்.

"சரி" என்றார்.